பாலாற்றுப் படுகையில் கோழி அடைந்த இடங்கள்

பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் நீள்கின்றன. மார்கழி, தை மாதங்களில் இங்கே பனி இறங்கும். ஆனால் எதுவும் உறைந்து போவதில்லை. வேலூரில் அந்த மாதங்களின் இரவு வெப்பம் சராசரியாக 18 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் உயரத்துக்கேற்ப இன்னும் குளிரும். வளர்ந்த கோழிக்கு இதெல்லாம் ஒரு குளிரே அல்ல. அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. இறகை உப்பிக்கொண்டு, காலை வயிற்றுக்கடியில் மடக்கி, தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டால் இரவு கழிந்துவிடும். எனவே இந்தப் படுகையில் கோழியை வாட்டியது குளிர் மட்டுமன்று. மழையின் ஈரம், கீரியும் வெருகும், சுவர் வெடிப்பில் ஒளிந்த உண்ணி, கூண்டோடு வாரிக்கொண்டுபோன கழிச்சல் நோய் ஆகியவையே முதல் பகைகள். குளிர் இவை ஒவ்வொன்றுக்கும் துணை நின்றது. குஞ்சுகளுக்கு மட்டும் நேரடிப் பகையாக இருந்தது.

வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. தென்னிந்தியக் காடுகளுக்குரிய சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சாயலும் அதில் கொஞ்சம் உண்டு. வீட்டுக்கோழியின் காலிலும் தோலிலும் தெரியும் மஞ்சள் நிறத்துக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இரண்டுமே பொழுது சாயும்போது மரமேறி அடைபவை. கூட்டுக்குள் பழக்கப்படாத நாட்டுக்கோழி இன்றும் அந்தி நேரத்தில் முருங்கையிலோ புங்கமரத்திலோ ஏறிவிடுகிறது. ஒருமுறை கிளையில் அடையப் பழகிய கோழியைக் கூட்டுக்குத் திருப்புவது பெரும்பாடு. தாழ்ந்த கூட்டுக்குள் அடைவது கோழியின் இயல்பன்று. குஞ்சாக இருக்கும்போதே தாயோடு சேர்த்து மனிதர் பழக்கிய பழக்கம்.

அந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்பதற்குத் தேதி கிடையாது. ஆனால் கோழி தமிழர் வீட்டு முற்றத்துக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியைக் காதணி எறிந்து விரட்டும் பெண்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இந்தத் தோல் ஊர்கள் அடங்கிய பழைய வடாற்காடு மாவட்டத்துக்கு வெளியே, இந்தளூரிலும், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அரசலாபுரத்திலும் சண்டைச் சேவல்களுக்கு நட்ட நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமை வாய்ந்த அவற்றில் சேவலின் உருவமும் எழுத்தும் உள்ளன. கல் நட்டுப் போற்றும் அளவுக்குச் சேவலை மதித்தவர்கள் இரவில் அதைக் காவலின்றி விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மூங்கிலும் ஓலையும் மண்ணும் கொண்டு செய்த கூடு எதுவும் மண்ணுக்கடியில் நிலைப்பதில்லை. ஆகவே கோழிக்கூட்டின் பழைய வரலாற்றைப் பொருளில் தேடாமல் வழக்கத்தில்தான் தேடவேண்டும்.

வழக்கத்தில் நிலைத்த முதல் கூடு பஞ்சாரம். மூங்கிலைப் பிளந்து சீவிய பத்தைகளை இடைவெளி விட்டுப் பின்னிய, அடியில்லாத குவிந்த கூடை அது. பகலில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பருந்துக்கும் காக்கைக்கும் எட்டாமல் கவிழ்த்து வைப்பார்கள். தாய் உள்ளே இருக்க, குஞ்சுகள் இடுக்கு வழியே வெளியே வந்து மேய்ந்து, நிழல் தெரிந்ததும் உள்ளே ஓடிவிடும். இரவில் அதே கூடை தாழ்வாரத்துக்கு வரும். கீரி கவிழ்க்காமலிருக்க மேலே ஒரு கல் ஏறும். மார்கழிப் பனிக்கு அதன்மேல் ஒரு சாக்கு. சாக்கைத் தரைவரை இழுத்து மூடிவிடாமல், மேற்பாதியை மட்டும் போர்த்தி, அடிப்பக்கம் காற்றுக்கு விடுவதே கைதேர்ந்தவர்கள் செய்தது. தரையில் அடுப்புச் சாம்பல் தூவியிருக்கும். சாம்பல் எச்சத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் கோழி அதிலேயே புரண்டு பேனை உதிர்க்கும்.

நிலையான கூடு வேறு வகை. கொல்லைச் சுவரை ஒட்டி மண்ணாலோ செங்கல்லாலோ முழங்கால் உயரத்துக்குக் கட்டி, மேலே கல்பலகையோ ஓலையோ போட்டு, ஆள் கை நுழையும் அளவுக்கு வாய் வைத்து, இரவில் பலகையால் அடைத்துவிடுவார்கள். திண்ணை உயரமாக உள்ள வீடுகளில் திண்ணைக்கடியிலேயே பொந்து விட்டுக் கட்டுவதும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி போன்ற நெருக்கமான ஊர்களில் கொல்லை குறுகலாதலால் இந்தத் திண்ணைப் பொந்தும் மாடிப்படிக்கு அடியிலிருக்கும் மூலையும்தான் கோழிக்கு மிஞ்சின. மண்கூடு கதகதப்பானது. வெளியே பனி இறங்கும்போது உள்ளே அடைந்த பத்துக் கோழிகளின் உடற்சூடே போதும்.

அதே கதகதப்புதான் அதன் குறையும். அடைத்த கூட்டில் கோழிகள் மூச்சில் விடும் ஈரம் வெளியேற வழியில்லை. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். சளியும் மூச்சிரைப்பும் பிடித்த கோழிகள் குளிரால் நோயுற்றன என்றே நினைத்தார்கள். உண்மையில் பல சமயம் அவற்றை வாட்டியது புழுக்கம். இன்னொரு தொல்லை உண்ணி. கோழி உண்ணி பகலெல்லாம் மண்சுவர் வெடிப்பிலும் மர இடுக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிக்கும். இரை இல்லாமல் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டைத் தாண்டியும், உயிர் பிடித்திருக்கக்கூடியது. இரத்தம் உறிஞ்சுவதோடு சுருள் கிருமிக் காய்ச்சலையும் அது பரப்பும். கோழியே இல்லாமல் நெடுநாள் காலியாகக் கிடந்த கூட்டில் புதுக் கோழியை விட்டதும் அது வாடிச் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டைச் சாணத்தால் மெழுகுவது, சுண்ணாம்பு அடிப்பது, வெடிப்புகளில் மண்ணெண்ணெய் ஊற்றுவது, அந்தியில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுவது எல்லாம் இந்த உண்ணியோடும் செள்ளோடும் நடத்திய போராட்டமே. இந்த ஒரு விஷயத்தில் பஞ்சாரம் மண்கூட்டைவிட எவ்வளவோ மேல். அதைத் தூக்கி வெயிலில் காயவைக்கலாம், தீயில் வாட்டலாம், இடம் மாற்றிக் கவிழ்க்கலாம். மழைக்கும் குளிருக்கும் ஒதுக்கம் தராத அந்தக் கூடை நூற்றாண்டுகளாக நிலைத்ததற்கு அதுவே காரணம்.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் இந்தப் படுகையில் உண்மையான சோதனைக் காலம். ஏரி நிரம்பி, கொல்லை சேறாகி, கூட்டின் தரை ஊறிப்போன பிறகே மார்கழிக் குளிர் வரும். 1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியின் ஒரு பகுதியையே அடித்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட ஆண்டுகள் அரிது; ஆனால் நனைந்த தரை ஆண்டுதோறும் உண்டு. நனைந்த கோழியின் இறகு காற்றைப் பிடித்து வைக்காது. 18 டிகிரியே அதற்குக் கடுங்குளிராகிவிடும். கூட்டை ஒரு முழம் உயர்த்திக் கட்டுவதும், வாயிலைக் கிழக்கே வைத்துக் காலை வெயிலை உள்ளே விடுவதும் இந்த ஈரத்துக்காகவே.

குஞ்சின் கதை வேறு. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் வேண்டும். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே போகலாம். நாட்டுக்கோழி இந்தக் கணக்கைத் தன் சிறகுக்கடியில் தானே பார்த்துக்கொள்ளும். சிறுவிடைக் கோழிகள் இதில் பேர்போனவை. பெருவிடையைவிட உடல் சிறுத்தாலும் அடை நன்றாகக் காக்கும். கூடையில் மணலோ உமியோ பரப்பி முட்டைகளை அடுக்கி, இடி முழக்கத்தில் கரு கெடாதிருக்க வேண்டும் என்று ஒரு கரித்துண்டும் இரும்பும் காய்ந்த மிளகாயும் வைத்து, கோழியை அடைக்கு உட்காரவைப்பார்கள். 21 நாளில் குஞ்சு பொரியும். இடிக்கும் கரிக்கும் உள்ள தொடர்பை அறிவியல் ஏற்காது. ஆனால் மணல் முட்டையை உருளாமல் பிடித்துக்கொள்ளும்; கோடையில் அதை லேசாக நனைத்தால் சூட்டைத் தணிக்கும். அடை வைக்கும் இடமும் யோசித்துத் தேர்ந்தெடுத்ததே: சமையற்கட்டின் மூலை, அடுப்பின் கதகதப்பு எட்டும் இடம், ஆள் நடமாட்டம் இருப்பதால் பாம்பு வராத இடம். கோழி வளர்ப்பு முழுக்கப் பெண்கள் கையில் இருந்ததால் இந்த அறிவும் தாயிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்றே கைமாறியது. முட்டைக் காசும் அவர்கள் காசுதான்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்த கோழிகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போனது வெள்ளைக்கழிச்சல். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இனங்காணப்பட்ட இந்த நச்சுயிரி நோய், அடுத்த ஆண்டே இமயமலைப் பகுதியான குமாவுனில் உள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதற்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. கழுத்து திருகி, சிறகு தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கோழிகள் விழும். பருவம் மாறும் நாட்களிலும், கோழிகள் நெருங்கி அடையும் இரவுகளிலும் அது வேகமாகப் பரவும். நல்ல கூடு கீரியைத் தடுக்கும், மழையைத் தடுக்கும், இதைத் தடுக்காது. ஒரே கூட்டில் எல்லாவற்றையும் அடைப்பது நோய்க்கு வழிவிடவும் செய்யும்.

இதற்கான தடுப்பு மருந்து இந்தப் படுகையிலேயே தயாரானது என்பது பெருமைக்குரியது. 1932-இல் சென்னையில் சீரம் நிலையமாகத் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் பின்னர் ராணிப்பேட்டைக்கு மாறி, கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமாக வளர்ந்தது. 1940-களில் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் வீரியம் குறைத்து உருவாக்கிய ராணிக்கெட் நச்சுயிரி வகை நாடு முழுவதும் தடுப்பூசிக்கு அடிப்படையானது. கோழிக்கழிச்சல், கோழி அம்மை ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்துகள் ராணிப்பேட்டையிலிருந்து தமிழ்நாட்டின் மருந்தகங்களுக்குப் போகின்றன. தோல் ஏற்றுமதியால் உலகறிந்த ஊர் ராணிப்பேட்டை. ஆனால் கிராமத்து வீடுகளுக்கு அது செய்த பெரிய உதவி அந்தச் சிறு குப்பியில் இருக்கிறது. மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் கிராமம்வரை கொண்டுசேர்ப்பதே சிக்கலாக இருந்தது. அதனால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனத்தோடு கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது.

மருந்துக்கு முன்பே புதுக் கோழிகள் வந்துவிட்டன. ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷன், 1920-களில் காட்பாடியில் ஜான் டி வலாய்ஸ் தலைமையில் வேளாண்மைப் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்தியது. கோழி வளர்ப்பும் அதன் பணிகளில் ஒன்று. அதே காலத்தில் தெற்கே மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் சீமைக்கோழிகளையும் கூட்டுறவு முட்டை விற்பனையையும் கிராமங்களுக்குள் கொண்டுபோனார். அப்போது பரவிய ஒயிட் லெகார்ன் கோழி நாட்டுக்கோழியைவிடப் பல மடங்கு முட்டையிடும். ஆனால் அடை காக்காது. நாட்டுக்கோழிக்கு இரவில் ஓர் ஒதுக்கம் போதும். லெகார்னுக்கு இரவும் பகலும் வீடு வேண்டும். கம்பி வலை, தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, குஞ்சுக்கு விளக்குச் சூடு எல்லாம் அந்தக் கோழியோடு வந்தவை.

சுதந்திரத்துக்குப் பின் அரசுப் பண்ணைகள் வழியே பரவிய ஆழ்கூள முறையும் அப்படியே. தரையில் நாலைந்து அங்குல உயரத்துக்கு உமியோ மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையின் தொலியோ பரப்பி, எச்சம் விழ விழக் கிளறிக்கொண்டே வந்தால், நுண்ணுயிர்கள் அதை மெல்ல மக்கச் செய்யும். அந்த வேலையில் எழும் சூடு குளிர் இரவில் கோழியின் காலுக்குக் கிடைக்கும். நெல்லும் மல்லாட்டையும் விளையும் வடாற்காட்டில் கூளத்துக்குப் பஞ்சமில்லை. கையில் அள்ளிப் பிடித்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. மழையில் நனைந்த மல்லாட்டைத் தொலியில் பூஞ்சணம் பூத்து, குஞ்சுகளுக்கு நுரையீரல் நோயைக் கொடுக்கும். மார்கழியில் குஞ்சு இறந்தால் குளிரின்மேல் பழியைப் போட்டுவிடாமல் முதலில் கூளத்தை மோந்துபார்க்க வேண்டும்.

உண்மையான உறைபனி நாடுகளும் இதே பாடத்தைச் சுற்றி வளைத்தே கற்றன. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், பனி இடுப்பளவு குவியும் ஊர்களில், கோழிக்கூடுகளை இறுக அடைத்து வைப்பதே 19-ஆம் நூற்றாண்டின் வழக்கமாக இருந்தது. உள்ளே ஈரம் சேர்ந்து, கொண்டையும் தாடையும் உறைந்து கறுத்து, சளியால் கோழிகள் மடிந்தன. பிரின்ஸ் வுட்ஸ் என்ற மருத்துவர் 1912-இல் வெளியிட்ட நூலில் முன்பக்கத்தைக் கம்பி வலையோடு திறந்தே விடும் கொட்டகையை வற்புறுத்தினார். கொட்டகை ஆழமாக இருந்தால் பின்சுவரை ஒட்டிய பரணில் அடையும் கோழிமேல் காற்று வீசாது. ஈரம் மட்டும் வெளியேறும். உலர்ந்த குளிரைக் கோழி தாங்கும், ஈரப் புழுக்கத்தைத் தாங்காது என்பதே அவர் கண்டது. பஞ்சாரத்தின் அடிப்பக்கத்தைத் திறந்துவிட்ட வடாற்காட்டுப் பெண்கள் நடைமுறையில் அதைத்தான் செய்துவந்தார்கள்.

பனி நாட்டுக் கோழிகளில் ஆசியாவின் பங்கும் பெரிது. காலெல்லாம் இறகு போர்த்த பிரம்மா இனம் 1840-களில் ஆசியத் துறைமுகங்களிலிருந்து அமெரிக்கா போன கோழிகளிலிருந்து உருவானது. 1852-இல் ஜார்ஜ் பர்ன்ஹாம் விக்டோரியா அரசிக்கு அதைப் பரிசாக அனுப்பியதும் அதன் புகழ் ஏறியது. அதன் சிறிய, தலையோடு ஒட்டிய கொண்டை எளிதில் உறையாது. லெகார்னின் பெரிய ஒற்றைக் கொண்டையோ முதலில் உறைவது. நம் அசில் சண்டைக்கோழிக்கும் அதே ஒட்டிய கொண்டைதான். அந்த அசில் இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குப் போய்க் கார்னிஷ் இனத்தில் கலந்தது. கார்னிஷ் வழியே இன்றைய பிராய்லரில் நிற்கிறது.

1970-களிலிருந்து நாமக்கல் முட்டையும், பின்னர் பிராய்லர் கறியும் இந்தப் படுகையின் சந்தைகளை நிறைத்தன. ஆம்பூர் பிரியாணிக் கடைகளின் கோழியும் கொல்லையிலிருந்து வருவதில்லை. இன்னொரு மாற்றம் தோல் தொழிலிலேயே நிகழ்ந்தது. பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் அனுப்பிக்கொண்டிருந்த நாடு 1970-களில் முடிவுற்ற தோலுக்கும் காலணிக்கும் திரும்பியதும், ஆம்பூரைச் சுற்றிக் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் தையல் வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் வீட்டில் பகல் முழுதும் பருந்தையும் நாயையும் பார்க்க ஆள் இல்லை. கோழியை விட்டால் போகும், அடைத்தால் வாடும். பல வீடுகளில் கூடு காலியானது இப்படித்தான். நோய் மட்டுமே காரணமன்று. இந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை; எழுதியிருக்க வேண்டும்.

கடந்த பத்தாண்டுகளில் நாட்டுக்கோழி மீண்டும் திரும்பிவருகிறது. கறிக்கு நல்ல விலை கிடைக்கிறது. கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு மாநில அரசு குஞ்சுகளையும் கூண்டையும் சேர்த்தே வழங்கியது. அந்தக் கூண்டுகள் கால் வைத்த கம்பி வலைக் கூண்டுகள். கீரி நுழையாது, எச்சம் கீழே விழும், உண்ணி ஒளிய இடம் குறைவு. ஆனால் மார்கழிக் காற்று நான்கு பக்கமும் ஊடுருவும். மூன்று பக்கம் கோழியின் முதுகு உயரத்துக்குச் சாக்குக் கட்டி, அதற்கு மேல் திறந்துவிட்டால் அந்தக் குறை நீங்கும். குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு எரியவிடுவது பழைய வழிமுறை. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் எல்.இ.டி. பல்புகள், அவை வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது. குண்டு பல்போ, அதற்கென்றே விற்கும் வெப்ப விளக்கோ, அடுப்புக்கரி போட்ட மண்சட்டியோ வேண்டும். கரி என்றால் புகை வெளியேற வழியும் வேண்டும். குஞ்சுகள் விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஒதுங்கினால் அதிகம்.

கூடு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் கழிச்சலுக்குத் தடுப்பூசி ஒன்றே காப்பு. அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் அதை இலவசமாகப் போடுகிறார்கள். பிப்ரவரியில் இரண்டு வார முகாமும் நடக்கிறது. முகாம் வரும்வரை காத்திராமல், மழை விட்டுக் கூட்டுத் தரை காய்ந்ததும் ஒரு சனிக்கிழமை கோழிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போய்வர வேண்டும்.